எம்ஜிபி காரின் லீவர் சொக்: ஒயில் ஊற்றினால் போதுமா, கழற்றித்தான் ஆக வேண்டுமா?

கொட்டகலைக்காரன் | ஞாயிறு, இரவு 8.40

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் 1965ஆம் ஆண்டு எம்ஜிபி ஒன்று இருக்கிறது, பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார். திறந்த கூரை, கம்பிச் சில்லு, 1798 சிசி எஞ்சின். முதலில் தோட்டத்துத் துரை ஒருவருடைய கார். 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது அவர் சீமைக்குத் திரும்பிவிட்டார். ஹட்டனில் கடை வைத்திருந்த என் தாய்மாமன் அதை வாங்கினார். மாமா காலமான பிறகு சாவி என் கைக்கு வந்தது.

2022இல் பெட்ரோல் வரிசை நீண்ட காலத்தில் இதைத் தார்ப்பாயால் மூடி வைத்தவன், இரண்டு ஆண்டுகள் எடுக்கவே இல்லை. இப்போது எடுத்தால் கார் பழைய கார் இல்லை. தலவாக்கலைப் பக்கம் வளைவுகளில் மூக்கு தலையாட்டிக்கொண்டே போகிறது. ஒரு பள்ளத்தில் இறங்கினால் அடுத்த பள்ளம் வரும்வரை ஆட்டம் நிற்பதில்லை. பிரேக் பிடித்தால் முன்பக்கம் குனிகிறது. பின்பக்கம் மேடு ஏறும்போது ஒரு சாண் பக்கவாட்டில் துள்ளுகிறது. இடது முன் சொக் அப்சோபரின் (அதிர்வு தாங்கியின்) உடம்பு முழுக்க ஒயிலும் தூசியும் சேர்ந்து களிம்பாகக் கிடக்கிறது.

முன் மட்காட்டை அழுத்திவிட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் மூன்று தடவை ஆடி நிற்கிறது. வலப்பக்கம் இரண்டு.

உள்ளூர் கராஜில் காட்டினேன். "90 எண் கியர் ஒயில் ஊற்றுங்கள், இறுகிவிடும்" என்றார் பாஸ். ஊற்றலாமா?

---

பஞ்சிகாவத்தைப் பக்கம் | ஞாயிறு, இரவு 9.15

ஊற்றுங்கள். நான் எம்ஜி மிட்ஜெட் கார் வைத்திருந்தபோது 40 எண் எஞ்சின் ஒயில்தான் ஊற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. பழைய காருக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை.

---

நாவற்குழி ஏ40 | திங்கள், காலை 6.05

ஒன்றும் ஆகவில்லை என்பது காருக்கா, உங்களுக்கா, தம்பி?

கொட்டகலைக்காரருக்கு ஒரு விளக்கம் சொல்கிறேன். எங்கள் யாழ்ப்பாணத்து ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர், உங்களுடைய எம்ஜிபி எல்லாவற்றிலும் முன்பக்கம் இருப்பது ஒரே குடும்பத்து லீவர் வகைச் சொக். இக்காலத்துக் காரில் இருக்கும் குழாய் வகையில் உள்ளே ஒரு தண்டு மேலும் கீழும் போகும். லீவர் வகை அப்படியல்ல. அது ஒரு சிறிய வார்ப்பு உலோகப் பெட்டி மாதிரி. பெட்டிக்குள் ஒயில், ஒயிலுக்குள் இரண்டு பிஸ்டன். பெட்டியின் குறுக்கே ஒரு ஷாப்ட். ஷாப்டின் வெளிமுனையில் கை. சில்லு ஏறி இறங்கும்போது கை ஆடும், ஷாப்ட் திரும்பும், பிஸ்டன்கள் ஒயிலை ஒரு வால்வு வழியே இங்கும் அங்கும் தள்ளும். வால்வின் இடுக்கில் ஒயில் படும் சிரமம்தான் உங்கள் காரின் ஆட்டத்தை அடக்குகிறது. ஆட்டத்தின் வலு அங்கே சூடாக மாறிவிடுகிறது.

தடித்த ஒயில் ஊற்றினால் என்ன ஆகும்? மெல்ல ஆடும்போது நன்றாக இருப்பதுபோல் தெரியும். குழியில் சட்டென்று விழுந்தால் அந்த இடுக்கு வழியே தடித்த ஒயில் ஓட முடியாது. சொக் கட்டையாகிவிடும். அடி முழுவதும் உடம்பிலும் பொருத்தியிருக்கும் போல்ட்களிலும் இறங்கும். நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்லில் உறைபனி படியும் குளிரில் கியர் ஒயில் தேன் மாதிரி நிற்கும். மதியம் இறக்கத்தில் சூடேறினால் வேறு குணம். ஒரே நாளில் இரண்டு கார் ஓட்டுவீர்கள்.

ஊற்றவே கூடாத இன்னொன்று பிரேக் ஒயில். அது ஈரத்தை உறிஞ்சும். சொக்கின் ரப்பருக்கும் அதற்கும் ஒத்துவராது.

---

கொட்டகலைக்காரன் | திங்கள், காலை 7.30

ஐயா, மிக்க நன்றி. அப்படியானால் எந்த ஒயில்? அதைச் சரியாக ஊற்றினால் கசிவு நிற்குமா?

---

நாவற்குழி ஏ40 | திங்கள், காலை 7.52

மோட்டார் சைக்கிள் முன் போர்க்குக்கு விற்கும் 20 எண் ஒயில். கசிவு நிற்காது. ஓட்டைக் குடத்துக்கு நல்ல தண்ணீர் ஊற்றுகிறீர்கள், அவ்வளவுதான்.

---

லிந்துலை பிட்டர் | திங்கள், இரவு 10.20

நான் தேயிலைத் தொழிற்சாலை வேர்க்‌ஷொப்பில் முப்பத்தொரு வருடம் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ரோலர், உலர்த்தி, லொறி, துரைமார் கார் எல்லாம் பார்த்திருக்கிறேன்.

ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். உங்கள் காரின் முன்பக்கத்தில் சொக்கின் கைதான் சஸ்பென்ஷனின் மேல் கை. வேறு மேல் கை கிடையாது. கிங் பின்னின், அதாவது சில்லு திரும்பும் நிமிர்ந்த அச்சின், தலை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. ஆகவே ஷாப்ட் துளை தேய்ந்தால் ஒயில் கசிவதோடு நிற்காது, சில்லின் தலையே உள்ளும் வெளியும் ஆடும். டயர் ஒரு பக்கம் தின்னும். ஸ்டீயரிங் வளைவில் இரண்டு மனது வைக்கும். ஒயில் கசிவைப் பார்த்து "சீல் (ஒயிலைத் தடுக்கும் வளையம்) போய்விட்டது" என்று நினைப்பார்கள். சீல் சும்மா போகாது. துளை தேய்ந்து ஷாப்ட் குலுங்கியதால்தான் சீல் போனது. புதுச் சீல் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

முதலில் நோய் எது என்று பாருங்கள். காரை ஜாக்கியில் தூக்குங்கள். ஜாக்கி ஸ்பிரிங் தட்டுக்குக் கீழே இருக்கட்டும். ஒருவர் சில்லின் மேலும் கீழும் பிடித்து ஆட்டட்டும். நீங்கள் டோர்ச் அடித்துப் பாருங்கள். மூன்று இடத்தில் ஆட்டம் இருக்கலாம்: சில்லு பெயரிங், கிங் பின், சொக்கின் ஷாப்ட். பிரேக்கை மிதித்துப் பிடித்ததும் ஆட்டம் நின்றால் பெயரிங். நிற்காமல் கிங் பின்னுக்கும் ஸ்டப் அச்சுக்கும் நடுவில் தெரிந்தால் கிங் பின். சொக் உடம்புக்குள் ஷாப்ட் முனை எழும்பி விழுந்தால் நான் சொன்ன நோய். கையின் வெளிமுனையில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது, அது நசுங்கியிருந்தாலும் "டொக்" என்று சத்தம் வரும். அது மலிவான சாமான். சத்தம் மட்டும்தான் என்றால் அதிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்றைத் தயவுசெய்து மறக்காதீர்கள். மேல் கையைக் கழற்றும்போது கீழே ஜாக்கி இல்லையென்றால் கொயில் ஸ்பிரிங் துப்பாக்கி மாதிரிப் பாயும். நான் பயிலுநனாக இருந்தபோது ஒருவர் ஜாக்கியைச் சேஸியில் வைத்துவிட்டு மேல் போல்ட்டைக் கழற்றினார். ஸ்பிரிங் சுவரில் பட்டுச் செங்கல்லை உடைத்தது. அவர் சற்றுத் தள்ளி நின்றிருந்தார், அது அவர் அம்மாவின் புண்ணியம். சேஸிக்கு ஸ்டாண்ட் தனி, ஸ்பிரிங் தட்டுக்கு ஜாக்கி தனி. வேலை முடியும்வரை அந்த ஜாக்கியைத் தொடவே கூடாது.

---

குண்டசாலை வேகன் | செவ்வாய், காலை 11.10

எல்லோரும் 1950இலேயே நிற்கிறீர்கள். லீவரைத் தூக்கி எறிந்துவிட்டுக் குழாய் வகைச் சொக்குக்கு மாறுங்கள். எம்ஜிபிக்கு மாற்றுத் தொகுதிகள் வெளிநாட்டில் தாராளமாகக் கிடைக்கின்றன. பிராக்கெட்டோடு வரும். ஒரு பகல் வேலை. கண்டி, மாத்தளை, தம்புள்ளை என்று ஓட்டினால் வித்தியாசம் தெரியும்.

---

லிந்துலை பிட்டர் | செவ்வாய், மதியம் 1.05

பின்பக்கத்துக்குப் போடலாம் தம்பி, பாதகமில்லை. முன்பக்கத்துக்கு வரும் தொகுதியை விரித்துப் பார்த்தீர்களா? பழைய லீவர் உடம்பு அங்கேயே இருக்கும், கையாக வேலை செய்ய. பக்கத்தில் குழாய்ச் சொக் ஒன்று கூடும். தேய்ந்த ஷாப்ட் தேய்ந்தபடியே. காசு கொடுத்து நோயை மறைத்திருப்பீர்கள்.

---

குண்டசாலை வேகன் | செவ்வாய், மதியம் 1.40

மேல் கையையே மாற்றும் தொகுதியும் இருக்கிறது, ஐயா. விலை அதிகம், ஒப்புக்கொள்கிறேன்.

பின்பக்கத்தைப் பற்றி நான் சொன்னது நிற்கிறது. லீப் ஸ்பிரிங்கும் கனத்த அச்சும் உள்ள காரில் பின்பக்கத் துள்ளலை அடக்க நல்ல குழாய்ச் சொக்குக்கு இணை இல்லை.

---

நாவற்குழி ஏ40 | செவ்வாய், மாலை 4.30

நல்ல குழாய்ச் சொக். "நல்ல" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே கைக்குக் கிடைப்பது வேறு காருக்கு உரிய வாயு நிரப்பிய சொக். எம்ஜிபி ஒரு டன்னுக்கும் குறைந்த கார். கனத்த காரின் சொக்கைப் போட்டால் பின்பக்கம் மரப்பலகை மாதிரி ஆகும். ஈரத் தார் வீதியில் ஒரு சில்லு நிலத்தை விட்டு எழும்பும். சமவெளியில் ஓட்டுபவருக்கு அது தெரியாது. மலையில் தெரியும், ஒரே ஒரு தடவை.

---

மலர் பண்டாரவளை | செவ்வாய், இரவு 9.00

நான் எம்ஜி மிட்ஜெட் வைத்திருக்கிறேன். அதன் முன் சொக்கும் லீவர் வகைதான், அளவில் சிறியது. அனுபவத்தைச் சொல்கிறேன், அதிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பழையதை அனுப்பிப் புதுப்பித்ததைப் பெறும் முறையில் இங்கிலாந்திலிருந்து ஒரு சோடி எடுப்பித்தேன். சாமானின் விலையைவிட அனுப்பும் செலவும் சுங்க வரியும் வலித்தன. உலோகம் கனக்கும் அல்லவா? பெட்டி வந்தபோது ஒன்று நன்றாக இருந்தது. மற்றது வழியிலேயே கசிந்து பெட்டியை நனைத்திருந்தது. திருப்பி அனுப்ப மறுபடியும் அதே செலவு. கடைசியில் ஹப்புத்தளையில் ஒரு கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்தேன். முன்பே அங்கே கொடுத்திருக்கலாம்.

வெளிநாட்டில் நன்றாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாங்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: துளையைத் துளைத்துப் புது புஷ் போட்டீர்களா, அல்லது கழுவிச் சாயம் பூசிச் சீல் மட்டும் மாற்றினீர்களா? பதில் நேராக வரவில்லையென்றால் சாயத்துக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள்.

---

கொட்டகலைக்காரன் | சனி, மாலை 5.45

பிட்டர் ஐயா, நீங்கள் சொன்னபடி பார்த்தேன். மகன் சில்லை ஆட்டினான், நான் கீழே படுத்துக்கொண்டேன். இடது பக்கம் சொக் உடம்புக்குள் ஷாப்ட் கண்ணுக்குத் தெரியவே எழும்பி விழுகிறது. வலது பக்கம் ஷாப்டில் ஆட்டம் இல்லை. அந்த ரப்பர் புஷ் நசுங்கி வெளியே பிதுங்கியிருக்கிறது. கிங் பின்கள் இரண்டும் நன்று. மாமா கிறீஸ் அடிப்பதில் கஞ்சத்தனம் காட்டாத மனிதர்.

பின்பக்கம் இரண்டும் ஒயில் வற்றிக் கிடக்கின்றன. கையைக் கழற்றி ஆட்டினால் கதவுப் பிடி மாதிரித் தளர்வாகப் போகிறது. அச்சோடு இணைக்கும் சிறு இணைப்புகளின் ரப்பரும் வெடித்திருக்கிறது.

நான்கையும் கழற்றப்போகிறேன். குழாய் வகை வேண்டாம் என்று தீர்மானித்துவிட்டேன். வேகன் தம்பி கோபிக்க வேண்டாம்.

---

குண்டசாலை வேகன் | சனி, மாலை 6.10

கோபம் இல்லை. ஆனால் ஒரு வருடம் கழித்து இதே இழைக்குத் திரும்பி வருவீர்கள்.

---

சிவப்பு மினி | சனி, மாலை 6.32

விற்கும் எண்ணம் உண்டா? கேட்டு வைத்தேன்.

---

கொட்டகலைக்காரன் | சனி, மாலை 6.40

இல்லை.

---

லிந்துலை பிட்டர் | சனி, இரவு 9.55

கழற்றும் முன் நான்கு விஷயம் எழுதுகிறேன். இவை புத்தகத்தில் இருந்தாலும் கையில் பட்டுத்தான் மனதில் ஏறும்.

மேலே ஒயில் ஊற்றும் மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றிலும் கம்பித் தூரிகை போட்டுக் கழுவுங்கள். அறுபது வருடத்து மண் அந்தக் குழியில் காத்துக்கொண்டிருக்கிறது. ஒரு மணல் துணுக்கு வால்வில் சிக்கினால் சொக் ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும், நீங்கள் ஒரு மாதம் தலையைச் சொறிவீர்கள்.

கை ஷாப்டில் பல்லுப் பொருத்தமாக உட்கார்ந்திருக்கும். பிரிப்பதற்கு முன் கையிலும் ஷாப்டிலும் உளியால் சிறு கோடு வெட்டுங்கள். ஒரு பல் மாறி உட்கார்ந்தால் சில்லு முழுதாக ஏறும் முன் உள்ளே பிஸ்டன் முட்டிவிடும். சுத்தியலால் அடிக்காதீர்கள். பிரஸ் வேண்டும்.

சில்லின் பாரத்தைப் பிரேக் குழாயில் தொங்கவிடாதீர்கள். ஒரு கயிறு போதும்.

கடைசல்காரரிடம் "இரண்டு பக்கத் துளையும் ஒரே கோட்டில்" என்று மூன்று தடவை சொல்லுங்கள். ஒரு பக்கத்தைத் துளைத்துவிட்டுத் திருப்பி வைத்து மறுபக்கத்தைத் துளைத்தால் மயிரிழை விலகும். ஷாப்ட் இறுகும், அல்லது மறுபடியும் தேயும். ஒரே பிடியில், ஒரே கம்பியில் துளைக்க வேண்டும்.

எங்கள் பழைய வேர்க்‌ஷொப்பில் வேலை செய்யும் பையன் ஒருவன் ஞாயிறுகளில் வீட்டில் லேத் ஓட்டுகிறான். வேண்டுமானால் அவனிடம் கூட்டிப் போகிறேன்.

---

கொட்டகலைக்காரன் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 10.30

நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பிட்டர் ஐயாவே பஸ் ஏறி வந்துவிட்டார். நான் காரில் வந்து ஏற்றிக்கொள்கிறேன் என்று சொன்னதற்கு, "சொக் இல்லாத காரில் நான் ஏறுவதில்லை" என்றார்.

இடது முன் சொக்கைப் பிரஸ்ஸில் பிரித்தோம். உள்ளே இருந்தது ஒயில் அல்ல, கறுத்த கஞ்சி. யாரோ முன்பே கியர் ஒயில் ஊற்றியிருக்கிறார்கள், வாசனையே சொன்னது. மாமாவாக இருக்காது என்று நம்புகிறேன். ஷாப்டில் சீல் உரசும் இடத்தில் நகத்தால் தடவினாலே பள்ளம் தெரிந்தது. துளை வட்டமாக இல்லை. முட்டை வடிவம்.

லேத் ஓட்டும் தம்பி முதலில் ஷாப்டைத் தேய்த்து வட்டமாக்கினான். பிறகு உடம்பை லேத்தில் ஏற்றி, இரண்டு துளைகளையும் ஒரே கம்பியில் பெருப்பித்து, ஷாப்டின் புதிய அளவுக்கு வெண்கல புஷ் கடைந்து இறக்கினான். ஷாப்டைப் போட்டுவிட்டு, "கையை எடுங்கள்" என்றான். ஷாப்ட் தன் பாரத்தில் மெல்ல, மிக மெல்லக் கீழே வழுக்கி இறங்கியது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் கேட்டார். அதுதான் அவருடைய பாராட்டு என்று பிறகு தெரிந்தது.

பழைய சீலுக்குப் பதிலாக உதடு வைத்த ஒயில் சீல். அளவு சொன்னதும் ஹட்டனிலேயே பெயரிங் கடையில் கிடைத்தது. கனிம ஒயிலுக்கு ஏற்ற நைட்ரைல் ரப்பர்தானா என்று ஐயா பெட்டியை வாங்கிப் படித்துப் பார்த்தார்.

ஒயில் நிரப்புவது நான் நினைத்ததைவிடப் பொறுமை கேட்கும் வேலை. சொக்கை வைஸில் நிமிர்த்திப் பிடித்து, 20 எண் போர்க் ஒயிலை ஊற்றி, கையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஆட்ட வேண்டும். முதலில் பாதி வழியில் வெறுமை தட்டும், அது காற்று. குமிழி வரும், மறுபடி ஊற்ற வேண்டும், மறுபடி ஆட்ட வேண்டும். முப்பது தடவைக்குப் பிறகுதான் முழு வழியிலும் ஒரே பாரம் வந்தது. மகனும் நானும் மாறி மாறி ஆட்டினோம். அடுத்த நாள் காலை கறிவேப்பிலை கிள்ளக்கூடக் கை வரவில்லை.

அடியில் இருக்கும் பெரிய நட்டைக் கழற்றினால் வால்வு வெளியே வரும். அதன் ஸ்பிரிங்கை இறுக்கினால் சொக்கும் இறுகும் என்று எங்கோ படித்திருந்தேன். கை அரித்தது. "கார் எப்படி ஓடுகிறது என்று தெரியாமலே அதைத் தொடாதே" என்றார் ஐயா. கழுவித் திரும்பப் போட்டோம்.

வலது முன்பக்கம் புஷ்ஷும் ஒயிலும் மட்டும். பின் இரண்டுக்கும் சீல், ஒயில், புது இணைப்பு ரப்பர். அவற்றின் ஷாப்ட்கள் மோசமில்லை.

---

மலர் பண்டாரவளை | ஞாயிறு, இரவு 10.50

வாழ்த்துகள். அந்த வெளிமுனை ரப்பர் புஷ்ஷின் போல்ட்டைக் கார் சில்லில் நிற்கும்போது இறுக்கினீர்களா? தூக்கிய நிலையில் இறுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும். சில மாதத்தில் கிழியும். நான் ஒரு சோடி அப்படி இழந்தேன்.

---

கொட்டகலைக்காரன் | ஞாயிறு, இரவு 11.02

இல்லை அக்கா! நாளை காலை முதல் வேலை அதுதான்.

---

நாவற்குழி ஏ40 | திங்கள், காலை 5.58

ஓட்டம் எப்படி? அதைச் சொல்லாமல் தூங்கிவிட்டீர்கள்.

---

கொட்டகலைக்காரன் | புதன், இரவு 8.15

மன்னியுங்கள் ஐயா. போல்ட்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கிவிட்டு, செவ்வாய் விடியலில் நுவரெலியாவுக்குப் போய்வந்தேன். கூரையை இறக்கிவிட்டு, குல்லா போட்டுக்கொண்டு.

நானுஓயா ஏற்றத்தில் ஒன்றும் தெரியவில்லை. வளைவில்தான் தெரிந்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினேன், கார் திரும்பியது. அவ்வளவுதான். முன்பு திருப்பினால் ஒரு கணம் யோசிக்கும், பிறகு சாயும், பிறகு திரும்பும், பிறகு நான் சற்றுத் திருப்பிவிட வேண்டும். அந்த நடுவில் இருந்த பேச்செல்லாம் போய்விட்டது. இறக்கத்தில் பஸ் ஒன்றுக்கு ஒதுங்கப் பிரேக் பிடித்தபோதும் மூக்கு ஒரு தடவைதான் குனிந்தது.

குளிரில் முதல் இரண்டு மைல் சற்று இறுக்கமாக இருந்தது. பிறகு சரியாகிவிட்டது.

பின்பக்கம் இன்னும் சற்றுத் துள்ளுகிறது. லீப் ஸ்பிரிங் தொய்ந்திருக்கிறது. பெரிய குழியில் அச்சு மேல் ரப்பரில் முட்டும் சத்தம் கேட்கிறது. சொக்கின் குற்றம் அல்ல என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. வலது பின் சொக்கின் உடம்பில் மறுபடியும் ஈரம். சீல் புதிது. ஷாப்டும் நன்று. ஏன்?

---

குண்டசாலை வேகன் | புதன், இரவு 8.21

ஒரு வருடம் என்றேன். இரண்டு வாரத்தில் வந்துவிட்டது.

---

லிந்துலை பிட்டர் | புதன், இரவு 9.40

சிரித்துக்கொள்ளுங்கள் தம்பி.

சொக்கில் ஒயில் வெளியே வர ஷாப்ட் மட்டும் வழியல்ல. மேல் தகட்டு மூடி இருக்கிறது, அடியில் வால்வு நட் இருக்கிறது. மூன்றும் கசிந்தால் ஒரே இடத்தில்தான் வழிந்து நிற்கும். உடம்பைப் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். முகத்துக்குப் பூசும் பவுடரை முழுவதும் தூவுங்கள். ஐந்து மைல் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். எங்கே பவுடர் முதலில் கறுக்கிறதோ அங்கேதான் வழி.

---

கொட்டகலைக்காரன் | வெள்ளி, மாலை 6.05

வீட்டில் பவுடர் டப்பா காணாமல் போனதற்கு விசாரணை நடக்கிறது. மேல் மூடியின் பின்மூலை, ஐயா. ஒரு திருகாணி அரைச் சுற்றுத் தளர்ந்திருந்தது. கீழே இருந்த கடதாசி வாஷரும் அந்த இடத்தில் மடிந்திருக்கிறது. ஞாயிறு அன்று கழற்றிப் புது வாஷர் வெட்டிப் போடுகிறேன்.